விடை தெரியாமல் கேட்கும் கலை

ஒரே கதைப் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்த பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, ஒரு மணி நேரம் அதைப் பற்றிப் பேசவைப்பது பார்வைக்கு எளிதான வேலை. மேடை கிடையாது, மைக் கிடையாது, கைதட்டலும் கிடையாது. நன்றாக நடந்துவிட்டால், நடத்தியவர் அங்கே இருந்தாரா என்பதே பிள்ளைகளுக்கு நினைவிருக்காது. அதனாலேயே இதை ஒரு கலை என்று சொல்ல ஆளில்லை. எனக்கு, நல்ல கச்சேரியில் மிருதங்கக்காரர் எங்கே வாசிக்கிறார், எங்கே கையை எடுத்துவிடுகிறார் என்று கவனிப்பதில் கிடைக்கும் சுகம் இதிலும் கிடைக்கிறது.

இந்தக் கலையில் ஒருவருடைய கைவண்ணத்தை அறிய ஒரு புத்தகம் போதும் என்பேன். நார்ட்டன் ஜஸ்டர் எழுதி, ஜூல்ஸ் ஃபைஃபர் படம் வரைந்து, 1961இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘தி ஃபேன்டம் டோல்பூத்’ அது. மைலோ என்றொரு பையன். எதிலும் மனம் ஒட்டாதவன். ஒருநாள் பள்ளி விட்டு வந்தால் அவன் அறையில் ஒரு பெரிய பார்சல். பிரித்து மாட்டினால், ஒரு சுங்கச்சாவடி. தன் சின்ன மின்சாரக் காரில் ஏறி, காசு போட்டு அதைக் கடக்கிறான். அந்தப் பக்கம் வேறொரு தேசம் விரிகிறது. அங்கே சொற்களுக்கு ஒரு நகரம், டிக்‌ஷனோபோலிஸ்; எண்களுக்கு ஒரு நகரம், டிஜிடோபோலிஸ். இரண்டையும் ஆளும் அண்ணன் தம்பிக்குள் சொல் பெரிதா எண் பெரிதா என்று தீராத சண்டை. ரைம், ரீசன் என்ற இரண்டு இளவரசிகள் இரண்டும் சமம் என்று தீர்ப்புச் சொல்ல, கோபம் கொண்ட அரசர்கள் அவர்களை ஆகாயத்தில் நிற்கும் கோட்டைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அன்று முதல் தேசம் சீர்கெட்டுப் போகிறது. உடம்பே கடிகாரமாக இருக்கும் டாக் என்ற நாய், எல்லாவற்றுக்கும் ஆமாம் போடும் ஹம்பக் என்ற பூச்சி ஆகிய இரண்டு துணையோடு இளவரசிகளை மீட்கக் கிளம்புகிறான் மைலோ. மொத்தம் இருபது அத்தியாயம்.

இந்தப் புத்தகம் பிறந்த விதமே நம் விஷயத்துக்குள் வந்துவிடுகிறது. ஜஸ்டர் தொழில்முறைக் கட்டடக்கலைஞர். நகரங்களைப் பற்றிச் சிறுவர்களுக்கு ஒரு நூல் எழுத ஃபோர்டு அறக்கட்டளை அவருக்கு நிதி தந்தது. குறிப்புகள் குவிந்தன, நூல் நகரவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு சிறுவன் அவரிடம், மிகப் பெரிய எண் எது என்று கேட்டானாம். அவர் பதில் சொல்லவில்லை. உனக்கு எது என்று தோன்றுகிறது என்று திருப்பிக் கேட்டார். அவன் ஒன்றைச் சொன்னான். அதோடு ஒன்றைக் கூட்டச் சொன்னார். அப்படியே இருவரும் முடிவிலி வரை போய்விட்டார்கள். அந்தப் பேச்சின் சூட்டில்தான், எழுதவேண்டிய நூலை ஒதுக்கிவிட்டு, மைலோவின் கதையை அவர் எழுதத் தொடங்கினார். புரூக்ளினில் அவர் இருந்த கட்டடத்திலேயே குடியிருந்த நண்பர் ஃபைஃபர் படம் வரைந்து கொடுத்தார். ஒரு பெரியவர் ஒரு பிள்ளைக்கு விடையைத் தராமல் கேள்வியைத் தந்த அந்தக் கணத்திலிருந்தே புத்தகம் கிளைத்திருக்கிறது. அதைப் பற்றிப் பேசும் கூட்டமும் அந்தக் குணத்தோடு நடந்தால்தான் பொருத்தம்.

ஆனால் அப்படி நடத்துவது கடினம். காரணம் புத்தகத்திலேயே இருக்கிறது. இந்தக் கதை தன் நீதியை மறைப்பதே இல்லை. கற்பதில் சுகம் உண்டு, நேரத்தை வீணாக்காதே, கவனித்துப் பார் என்று பாத்திரங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுகின்றன. ஆகவே அனுபவமில்லாத ஒருவர், இந்தக் கதை நமக்கு என்ன கற்றுத்தருகிறது என்று கேட்டால், பிள்ளைகள் சரியான விடையை உடனே ஒப்பித்துவிடுவார்கள். பேச்சு அங்கேயே முடிந்துபோகும். ஆர்வத்தைப் பற்றிய புத்தகம், ஆர்வமே இல்லாத ஒரு பரீட்சையாகிவிடும். தேர்ந்தவர் அந்தப் பக்கம் போவதே இல்லை. புத்தகம் எதை உரக்கச் சொல்கிறதோ அதை விட்டுவிட்டு, எதை இழுபறியாக விட்டிருக்கிறதோ அதைத் தேடிப் பிடிக்கிறார்.

கேள்வியைப் பொறுக்குவதில்தான் பாதிக் கலை. 1947இல் சிகாகோவில் ராபர்ட் ஹட்சின்ஸும் மார்ட்டிமர் ஆட்லரும் தொடங்கிய ‘கிரேட் புக்ஸ்’ அறக்கட்டளை, பிறகு பிள்ளைகளுக்கும் தன் முறையைக் கொண்டுவந்தது. அதன் அடிப்படை விதி எனக்கு மிகவும் பிடித்தது: நடத்துபவர், தனக்கே உண்மையில் விடை உறுதியாகத் தெரியாத கேள்வியைத்தான் கொண்டுவர வேண்டும். தெரிந்துகொண்டே தெரியாதவர் போல நடிப்பது செல்லாது. பிள்ளைகளுக்கு அந்த நடிப்பு அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். பிறகு அவர்கள் யோசிப்பதை விட்டுவிட்டு, ஆசிரியர் மனதில் இருப்பதை ஊகிக்க ஆரம்பிப்பார்கள்.

முடிவுகளின் தீவு என்று ஓர் அத்தியாயம் வருகிறது. யோசிக்காமல் ஒரு முடிவுக்குத் தாவினால், அப்படியே அந்தத் தீவில் போய் விழவேண்டியதுதான். திரும்பி வர வேண்டுமானால் அறிவுக் கடலை நீந்திக் கடக்க வேண்டும். மூவரும் நீந்துகிறார்கள். மைலோவும் நாயும் சொட்டச் சொட்ட நனைந்து கரையேறுகிறார்கள். ஹம்பக் மட்டும் துளி ஈரமில்லாமல் வருகிறான். ‘தீவுக்கு எப்படிப் போனார்கள்?’ என்பது தகவல் கேள்வி. பக்கத்தைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும். ‘அவசர முடிவு நல்லதா?’ என்பது நீதிக் கேள்வி. விடை எல்லாருக்கும் மனப்பாடம். ‘ஒரே கடலில் நீந்திய மூவரில் ஹம்பக் மட்டும் ஏன் நனையவில்லை?’ என்று கேட்டுப் பாருங்கள். அவன் நீந்தியதாகப் பாவனை செய்தானா? எல்லாம் தெரியும் என்று நினைப்பவன் மேல் தண்ணீர் ஒட்டாதா? அல்லது கடலுக்கே அவனைப் பிடிக்கவில்லையா? பத்து வயதுப் பிள்ளைகள் இந்தக் கேள்வியை அரை மணி நேரம் உருட்டுவார்கள். நடத்துபவரும் அவர்களோடு சேர்ந்து உருட்டலாம், ஏனென்றால் அவருக்கும் தெரியாது.

கேள்வி கேட்டாயிற்று. அடுத்தது சும்மா இருப்பது. இதைவிடக் கடினமான பாடம் இந்தக் கலையில் இல்லை. அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் ஒன்றைக் காட்டினார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள்; அதற்குள் பதில் வராவிட்டால் வேறொருவரைக் கேட்கிறார்கள், அல்லது தாங்களே சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு விநாடியை மூன்றாக நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் பேசுகிறார்கள், பிள்ளைகளே கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள். மூன்று விநாடி என்பது எழுத்தில் சின்னது. பத்து ஜோடிக் கண்கள் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அது எவ்வளவு நீளம் என்பது உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். நல்லவர்கள் அந்த நேரத்தில் பதறுவதில்லை. பார்வையைப் புத்தகத்தின் மேல் தாழ்த்திக்கொள்கிறார்கள்; தாங்களும் யோசிக்கிறார்கள்.

நியூஜெர்சியில் ஒரு பொது நூலகத்தில் இந்தப் புத்தகத்துக்கு நடந்த ஓர் அமர்வை ஓரமாக உட்கார்ந்து பார்க்கக் கிடைத்தது. பேசியது ட்ரிவியம் என்பவன் வரும் அத்தியாயத்தைப் பற்றி. அறியாமை மலைகளில் மைலோவும் துணைவர்களும் ஏறிக்கொண்டிருக்கும்போது, நேர்த்தியாக உடுத்திய, முகமே இல்லாத ஒரு கனவானாக அவன் எதிர்ப்படுகிறான். ஆளுக்கொரு சின்ன உதவி கேட்கிறான். மைலோ ஒரு மணல்மேட்டைச் சாமணத்தால் ஒவ்வொரு மணலாக எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். டாக் ஒரு கிணற்றைக் கண்மருந்துச் சொட்டுக்குழாயால் இறைக்க வேண்டும். ஹம்பக் ஊசியால் பாறையைத் துளைக்க வேண்டும். மூவரும் மணிக்கணக்கில் வேலை செய்கிறார்கள்.

நூலகர் அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். பிள்ளைகள் உட்காரும் தாழ்வான நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். கையில் கேள்விப் பட்டியல் எதுவும் இல்லை. புத்தகத்துக்குள் செருகியிருந்த ஒரே ஒரு மஞ்சள் சீட்டு. அதைப் பார்த்து, “இவ்வளவு அவசரமான காரியத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், அவன் கேட்டதும் மறுபேச்சில்லாமல் ஏன் ஒத்துக்கொண்டார்கள்?” என்று கேட்டார்.

“அவன் ரொம்ப மரியாதையாகக் கேட்டான்” என்றான் ஒரு பையன்.

“எந்த இடத்தில் அப்படித் தெரிகிறது?”

பக்கங்கள் புரண்டன. ஒரு பெண் அந்த இடத்தை வாசித்தாள். இன்னொரு பையன், “மலை ஏறுவது எப்படி என்று யாருக்கும் தெரியாது. மணல் அள்ளுவது எப்படி என்று தெரியும். அதனால்தான்” என்றான்.

அம்மாள் தலையசைக்கக்கூட இல்லை. அறை அமைதியானது. மூலையில் அதுவரை பேசாமலிருந்த ஒரு சிறுமி சொன்னாள்: “என் வீட்டுப்பாடமும் அப்படித்தான்.”

எல்லாரும் சிரித்தார்கள். இந்த இடத்தில்தான் சாதாரணமானவர்கள் சறுக்குவார்கள். வீட்டுப்பாடத்துக்கு வக்காலத்து வாங்குவார்கள். அல்லது தாங்களும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அந்தச் சிறுமியிடம், “இரண்டும் ஒன்றுதானா? சொல்லு” என்றார்.

“ஒன்று இல்லை. வீட்டுப்பாடம் முடிந்துவிடும். மணல் முடியாது.”

“மணலும் முடியும்” என்றான் முதல் பையன். “மைலோ கணக்குப் போட்டுப் பார்த்தானே, 837 வருஷம்.”

“அப்படியென்றால் கணக்குப் போடாவிட்டால் அவன் அங்கேயே இருந்திருப்பானா?” என்று கேட்டது வேறொரு குரல். இது நூலகர் கேட்டதல்ல. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கேட்டது.

மூலைச் சிறுமி கொஞ்சம் யோசித்தாள். “கணக்குப் போடணும் என்று அவனுக்குத் தோன்றியதே, அதற்கு முன்னாலேயே அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கணும். சந்தேகம்தான் முதலில்.”

எனக்கு எழுந்து கைதட்டத் தோன்றியது. ஆர்வம் என்பது எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் இதைவிடச் சுருக்கமாக நான் சொல்லிவிட முடியாது. ஆனால் நூலகர் ‘சபாஷ்’ சொல்லவில்லை. பையன் பக்கம் திரும்பி, “அவள் சொல்வதற்கு நீ என்ன சொல்கிறாய்?” என்றார். அந்தப் பாராட்டை விழுங்கிக்கொண்டாரே, அதைத்தான் நான் அன்று கண்ட உச்சம் என்பேன். ‘சபாஷ்’ என்ற சொல் விழுந்திருந்தால், விடை கிடைத்துவிட்டது என்று எல்லாருக்கும் அர்த்தமாகியிருக்கும். மற்ற ஒன்பது பேரும் யோசிப்பதை நிறுத்தியிருப்பார்கள். அந்தச் சிறுமிக்குக் கிடைத்தது அதைவிடப் பெரிய மரியாதை: அவள் சொன்ன வாக்கியத்தை மேலும் பத்து நிமிஷம் எல்லாரும் சேர்ந்து சோதித்துப் பார்த்தார்கள்.

இங்கிலாந்தின் ஏய்டன் சேம்பர்ஸ் இந்தத் துறையில் ஒரு ஆசான். 1993இல் வந்த ‘டெல் மீ’ என்ற தம் நூலில், பிள்ளைகளோடு பேச நான்கு வாசல்களை அவர் காட்டுகிறார்: எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எது குழப்பியது, எதெல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவந்தது. ஒரு பிள்ளை கருத்துச் சொன்னவுடன் ‘ஏன்?’ என்று மடக்கக் கூடாது என்பார். அது விசாரணை போலக் கேட்கும். ‘அதைப் பற்றிச் சொல்லு’ என்றால் கதவு திறந்துகொள்ளும். நான்கில் மூன்றாவது வாசல்தான், அதாவது குழப்பம்தான், இந்தப் புத்தகத்துக்கு ராஜவாசல்.

டிஜிடோபோலிஸ் பகுதியில் அரைகுறையாக ஒரு பையன் வருகிறான். சராசரிக் குடும்பத்தில் 2.58 பிள்ளைகள்; தான் அந்த .58 என்கிறான். சராசரிக் குடும்பத்துக்கு 1.3 கார் இருப்பதால், அந்த .3 காரைத் தன்னால் மட்டுமே ஓட்ட முடியும் என்று அவனுக்குப் பெருமை வேறு. இங்கே பிள்ளைகளுக்குக் குழப்பம் மண்டும். கணக்கைக் கண்டு அஞ்சுபவர் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுவார். கணக்கு வாத்தியார் மனம் கொண்டவர் கரும்பலகையில் சராசரியை விளக்கிவிடுவார். இரண்டுமே நஷ்டம். கைதேர்ந்தவர், “பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால் இவன் கூடுவானா, குறைவானா?” என்று ஒரு கேள்வியை வீசிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். பிள்ளைகளே காகிதம் தேடுவார்கள். சராசரி என்பது ஊரில் எங்கும் இல்லாத ஒருவனைப் பற்றிய உண்மை என்பதைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள். அந்தக் கண்டுபிடிப்பு அவர்களுடையதாகவே இருக்கும்.

அதேபோல அலெக் பிங்ஸ். அவன் குடும்பத்தில் எல்லாரும் காற்றில் மிதந்தபடியே பிறக்கிறார்கள். தலை, வளர்ந்தபின் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்திலேயே இருக்கிறது. கால்தான் ஆண்டுக்காண்டு கீழே வளர்ந்து கடைசியில் தரையைத் தொடுகிறது. ஆகவே பார்வைக் கோணம் மாறுவதே இல்லை. இது வசதியா, இழப்பா? பிள்ளைகளை நாற்காலி மேல் ஒருமுறை, தரையில் ஒருமுறை உட்காரவைத்து இதே கேள்வியைக் கேட்டால் பதில்கள் மாறும்.

வாசிப்பிலிருந்து வாழ்க்கைக்கு எப்போது தாவலாம் என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. கிரேட் புக்ஸ்காரர்கள் பிரதியை விட்டு நகர மாட்டார்கள். எதைச் சொன்னாலும் பக்கத்தில் காட்டு என்பார்கள். மாண்ட்கிளேரில் 1974இல் சிறுவர் தத்துவத்துக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கிய மேத்யூ லிப்மன் வழி வேறு. அங்கே கதை ஒரு தூண்டுகோல். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை அவரவர் பெயரோடு பலகையில் எழுதி, அதிலிருந்தே விவாதம் தொடங்கும். என் ரசனைக்கு, முதலில் பக்கத்தை ஆழ உழுதுவிட்டுப் பிறகு வெளியே போவதே சிறப்பு. மைலோவின் பயணத்தில் ஒரு நகரம் வருகிறது. மக்கள் தலைகுனிந்து வேகவேகமாக நடக்கப் பழகி, சுற்றியிருப்பதைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். பார்ப்பார் இல்லாததால் கட்டடங்களும் தெருக்களும் மெல்ல மங்கி மறைந்தே போயின. அதையும் யாரும் கவனிக்கவில்லை. ஜஸ்டர் எழுதாமல் விட்ட நகர நூல் இந்தச் சில பக்கங்களுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். இதை நன்றாகப் பேசி முடித்தபின், “இன்றைக்கு இங்கே வரும் வழியில் என்னென்ன பார்த்தாய்?” என்று கேட்டால், அந்தக் கேள்விக்குக் கனம் இருக்கும். முன்னாலேயே கேட்டால் அது வெறும் உபதேசம்.

புத்தகத்தில் ஒழுக்கச் சிக்கல்களும் நிறைய உண்டு. அவற்றை விட்டுவிடுபவர்கள் நல்ல தீனியை விட்டுவிடுகிறார்கள். ஒலிகளைக் காக்கும் ஒரு பெண்மணி, மக்கள் நல்ல ஒலிகளுக்குக் காது கொடுப்பதை விட்டார்கள் என்று மனம் நொந்து, பள்ளத்தாக்கின் ஒலிகளையெல்லாம் தன் கோட்டைக்குள் பூட்டிவிடுகிறாள். மைலோ அவளுடைய விருந்தாளியாகப் போய், ஒரே ஒரு சொல்லின் ஒலியை நாக்கில் ஒளித்து வெளியே கடத்திவருகிறான். அதை பீரங்கியில் வைத்துச் சுட, கோட்டை இடிகிறது. அவன் செய்தது திருட்டா, விடுதலையா? அவளுக்கு அந்த உரிமை உண்டா? இதில் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரிய விடவேண்டும். சொல்லையும் எண்ணையும் எடைபோட்டுச் சமம் என்று தீர்ப்புச் சொன்ன இளவரசிகளுக்கு என்ன ஆயிற்று என்பது நினைவிருக்கிறதே! அவர்கள் சொன்னது சரியான தீர்ப்புத்தான். ஆனால் அண்ணனும் தம்பியும் தாங்களே அதை உணரும்வரை அந்தத் தீர்ப்பு யாருக்கும் பயன்படவில்லை. நடத்துபவர் நீதிபதி ஆசனத்தில் ஏறாமலிருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

கதையின் உச்சத்தில் ஒரு ரகசியம் உடைகிறது. மைலோ புறப்படும்போது அரசர்கள் இருவரும், ஒரு விஷயத்தைத் திரும்பி வந்தபின்தான் சொல்வோம் என்று தனித்தனியே நிறுத்திவைத்திருந்தார்கள். வெற்றியோடு திரும்பியதும் சொல்கிறார்கள்: அந்தக் காரியம் முடியவே முடியாதது. முன்பே சொல்லியிருந்தால் அவன் கிளம்பியே இருக்க மாட்டான். உரையாடலை நடத்தும் கலையின் சாரம் முழுவதும் எனக்கு இந்த ஓர் இடத்தில் கிடைக்கிறது. ஒரு பிள்ளையால் எதுவரை யோசிக்க முடியும் என்பதற்கு நாம் மனதில் ஒரு கோடு வைத்திருக்கிறோம். அந்தக் கோட்டை அவர்களிடம் சொல்லாமல் இருப்பதே நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. நம் பாராட்டு, நம் விளக்கம், நம் அவசரம் எல்லாம் அந்தக் கோட்டை அவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும் சைகைகள்.

ஓர் அமர்வு தேறியதா என்று அறிய நான் கவனிப்பது ஒன்றே ஒன்று. தொடக்கத்தில் ஒவ்வொரு பதிலும் நடத்துபவரை நோக்கியே வரும். முடிவதற்குள் பிள்ளைகளின் முகம் ஒருவரை ஒருவர் நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். ‘நீ அப்போ சொன்னியே’ என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் தொடங்க வேண்டும். அது நடந்துவிட்டால், நடத்தியவர் தன் வேலையை முழுமையாகச் செய்துவிட்டார் என்று பொருள்.

இந்தப் புத்தகத்தைப் பிள்ளைகளோடு பேச விரும்பும் யாருக்கும் கடைசி அத்தியாயத்தை நான் சிபாரிசு செய்வேன். வீடு திரும்பிய மைலோ மறுநாள் பார்க்கும்போது சுங்கச்சாவடி காணாமல் போயிருக்கிறது. வேறு பிள்ளைகளுக்கு அது தேவைப்படுகிறது என்று ஒரு கடிதம் மட்டும் கிடக்கிறது, கையெழுத்து மங்கியிருக்கிறது. அப்படியானால் அதை அனுப்பியது யார்? ஏன் மைலோவுக்கு? அவனுக்கு இனி தேவையில்லை என்று அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? பலமுறை படித்தும் எனக்கு இவை விளங்கவில்லை. பிள்ளைகளிடம் போய்க் கேட்பதற்கு அதுவே எனக்குப் போதுமான தகுதி.